காமசமுத்திரத்து யானை வழி

சோலையார்ப்பேட்டையிலிருந்து பங்காரப்பேட்டை வரையுள்ள இருப்புப்பாதையின் நீளம் சுமார் 75 கிலோமீட்டர். பயணிகள் வண்டியில் ஏறிச் சன்னலோரம் அமர்ந்தால் அச்சிறு தொலைவுக்குள் மூன்று மாநிலங்களைக் கண்டுவிடலாம். சோமநாயக்கன்பட்டியும் பச்சூரும் தமிழ்நாட்டு நிலையங்கள். மல்லானூர், குப்பம், குடுபள்ளி என்று வண்டி நிற்கும்போது நடைமேடையில் தெலுங்கு ஒலிக்கும். காமசமுத்திரம் வந்ததும் பெயர்ப்பலகையில் கன்னட எழுத்து முதலிடம் பெற்றுவிடும். மண் மட்டும் மாறுவதில்லை. அதே செம்மண்; அதே கருங்கற்குன்றுகள்; அதே கேழ்வரகுப் பயிர்.

இப்பாதை 1864ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்திற்குச் செல்லும் கிளைப்பாதை 1894இல் வந்தது. வடாற்காட்டிலிருந்தும் சேலத்துப் பக்கத்திலிருந்தும் நம் முன்னோர் தங்கவயலுக்குப் பிழைக்க வந்த வழி இதுவே. வண்டி வருமுன் வந்தவர்கள் பாலாற்றங்கரையோடு நடந்து வந்தார்கள் என்று என் பாட்டியார் சொல்லுவார். இவற்றையெல்லாம் நம் வாசகர்கள் அறிவார்கள். ஆயினும் இவ்வழியே இன்னொரு கூட்டமும் குடிபெயர்ந்து வந்தது. அக்கூட்டத்தைப் பற்றி எழுதவே இன்று எழுதுகோலை எடுத்தேன்.

1980களில் ஓசூர், தருமபுரிக் காடுகளிலிருந்து சில யானைகள் வடகிழக்கே நடந்தன. வறட்சியும் காடழிவும் அவற்றை விரட்டின என்று அறிஞர்கள் கூறுகின்றனர். குன்றுக்குக் குன்று தாவி, ஏரிக்கு ஏரி நீரருந்தி, அவை சித்தூர் மாவட்டத்துக் காடுகளை அடைந்தன. அதற்குமுன் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அம்மாவட்டம் காட்டு யானையைக் கண்டதில்லை. வந்த யானைகள் திரும்பிப் போகவில்லை. அங்கேயே கன்று ஈன்றன. 1990ஆம் ஆண்டில் ஆந்திர அரசு அவற்றுக்காகப் பலமனேர், குப்பம் காடுகளைச் சேர்த்துக் கௌண்டின்யா சரணாலயத்தை அமைத்தது. கௌண்டின்யா என்பது ஓர் ஆற்றின் பெயர். குடியாத்தத்தின் வழியே ஓடிப் பாலாற்றில் கலக்கும் ஆறு அது. குடியாத்தத்துக்காரர் இல்லாத லைன் வீட்டு வரிசை நம் தங்கவயலில் ஏது?

ஓசூர்க் காட்டுக்கும் கௌண்டின்யக் காட்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் நம் கோலார் மாவட்டத்தின் தென்கோடி உள்ளது. காமசமுத்திரம், பூதிக்கோட்டை முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள குன்றுக்காடுகள் யானைகளுக்குச் சத்திரம் போன்றவை. இரு காடுகளுக்கும் நடுவே நடந்து செல்லும் விலங்கு இங்கே தங்கி இளைப்பாறிப் போக வேண்டும். இக்காட்டின் ஒரு பகுதி அண்மைக் காலத்தில் காமசந்திரா வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் சரணாலயம் என்பது குன்றின் மேலுள்ள காடு மட்டுமே. ஒரு குன்றுக்கும் அடுத்த குன்றுக்கும் இடையில் கிடக்கும் வயலும் மேய்ச்சல் நிலமும் ஏரிக்கரையும் எவருக்குச் சொந்தமோ, அவர் கையில்தான் யானையின் வழி இருக்கிறது.

அத்தகைய நிலத்தில் இரண்டு ஏக்கர் எங்கள் குடும்பத்திற்கு உண்டு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது என் தந்தையார் கையில் வந்த தொகையில் பாதியைக் கொண்டு வாங்கிய நிலம் அது. நிலத்தடியில் இருபத்தாறு ஆண்டு உழைத்தவர், எஞ்சிய நாட்களை நிலத்தின் மேலே வெயிலில் கழிக்க வேண்டுமென்று ஆசைப்பட்டார். ஆறாண்டே அந்த ஆசை நிறைவேறியது. இப்போது பக்கத்து நிலத்துப் பெரியவர் வாரத்திற்குப் பயிர் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அன்னையாரை அழைத்துக்கொண்டு நான் போய்வருவேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் கார்த்திகை மாதத்தில், அறுவடைக்குப் பத்து நாள் இருக்கையில், ஏழு யானைகள் எங்கள் கேழ்வரகில் இறங்கின. பெரியவர் தொலைபேசியில் சொன்னதும் விடியற்காலை வண்டியில் சென்றேன். தின்றதைவிட மிதித்தது அதிகம். வரப்பு உடைந்து, சேற்றில் முறம் முறமாகக் காலடிகள் பதிந்திருந்தன. அவற்றுள் ஒன்று மிகச் சிறியது. தட்டு அளவுதான் இருக்கும். அன்னையார் அதனருகே குந்தி அமர்ந்து கையால் அளந்து பார்த்தார்.

“குட்டியை இழுத்துக்கிட்டு வந்திருக்கு. பசி இல்லாம எந்தத் தாய் இந்தக் குளிரில் புள்ளையோட கிளம்புவா?” என்றார்.

பெரியவருக்கு அச்சொல் பிடிக்கவில்லை. அவர் தெலுங்கில் சொன்னதன் கருத்து இது: “அம்மா, உங்களுக்கு நகரத்தில் மகன் சம்பளம் வருகிறது. எனக்கு இந்தப் பயிர்தான் சம்பளம். பதினைந்து வருடமாகப் பரணில் படுத்துத் தூக்கத்தை இழந்தவன் நான். யானையைக் கும்பிடுகிறவர்கள் ஒரு மார்கழி இரவு என்னோடு பரணில் படுத்துவிட்டுப் போய்க் கும்பிடட்டும்.”

நான் பேசாமல் நின்றேன். அவர் கூறியது முற்றும் நியாயம். யானையால் உயிரிழந்தோர் இத்தாலுக்காவில் உண்டு. கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் மாண்ட யானைகளும் எல்லைக்கு இருபுறமும் உண்டு. இரண்டு சாவுக்கும் காரணம் ஒன்றே. யானை நடக்க இடமில்லாத இடத்தில் நடக்கிறது.

வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தழை உண்ணும். 100 லிட்டருக்கு மேல் நீர் குடிக்கும். ஒரே காட்டில் நின்று மேய்ந்தால் அக்காடு சில மாதங்களில் மொட்டையாகிவிடும். எனவே அது நடந்துகொண்டே இருக்க வேண்டும். வழியை நினைவில் வைத்திருப்பவள் கூட்டத்தின் மூத்த பெண் யானை. தாயிடம் கற்ற தடத்தை அவள் தன் மகளுக்குக் காட்டுகிறாள். அத்தடத்தில் நேற்று இல்லாத சுவர் இன்று நின்றால் அவள் திரும்பிப் போவதில்லை. சுவரோரமாகவே நடந்து திறப்பைத் தேடுகிறாள். திறப்பு எங்கே இருக்கிறதோ அங்கே யாருடைய வயலோ வாசலோ இருக்கிறது. வழியை அடைப்பவர் ஒருவர்; அதன் பயனை அனுபவிப்பவர் வேறொருவர்.

இதற்கு வழித்தடம் என்று பெயர். 2023ஆம் ஆண்டில் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் இந்தியாவில் 150 யானை வழித்தடங்களைக் கணக்கிட்டு அறிக்கை வெளியிட்டது. 2025 அக்டோபரில் வெளிவந்த மரபணுக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள காட்டு யானைகள் 22,446. அவற்றுள் 6,013 நம் கர்நாடகத்தில். எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. இந்தப் பெருமை நம்முடையதெனில் பொறுப்பும் நம்முடையதே.

பொறுப்பை வேலியால் தீர்க்க முயன்றார்கள். அகழி வெட்டினார்கள், சூரிய மின்வேலி கட்டினார்கள். தேய்ந்து கழித்த தண்டவாளங்களை வாங்கித் தடுப்பும் நட்டார்கள். எங்கள் துறையின் பழைய இரும்பு காட்டுக்குப் பயன்படுகிறதே என்று நானும் மகிழ்ந்ததுண்டு. ஆனால் 2018 டிசம்பரில் நாகரஹொளே வீரனஹொசஹள்ளிப் பகுதியில் ஓர் ஆண் யானை அத்தடுப்பைத் தாண்ட முயன்று அதன்மேலேயே சிக்கி உயிர் நீத்தது. அந்தப் படத்தைச் செய்தித்தாளில் கண்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வேலி வேண்டாமென்று கூறவில்லை. ஊரைச் சுற்றி வேலி வேண்டும். ஆனால் ஊருக்கு வேலி போடும் கையே காட்டுக்கு வாயிலும் விட வேண்டும்.

வாயில் விட்ட ஊர்களும் உண்டு. பிளிகிரிரங்கன் மலைக்கும் மாதேசுவரன் மலைப்பக்கத்துக் காடுகளுக்கும் இடையே எடயாறஹள்ளி–தொட்டசம்பிகே என்னும் குறுகிய வழித்தடம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் யானையும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் யானையும் சந்திக்கும் இடங்களுள் அதுவும் ஒன்று. அங்கே உழவர்களிடமிருந்து சுமார் 25 ஏக்கரை இந்திய வனவிலங்கு அறக்கட்டளை உரிய விலை கொடுத்து வாங்கிக் கர்நாடக வனத்துறையிடம் ஒப்படைத்தது. 25 ஏக்கர் என்பது நம் ராபர்ட்சன்பேட்டையின் ஒரு மூலை. ஆனால் கதவுக்குக் கீல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

நீலகிரியின் சீகூர்ப் பகுதியில் நிலைமை வேறு. அங்கே வழித்தடத்தில் விடுதிகளும் மின்வேலிகளும் எழுந்துவிட்டன. 2010இல் தமிழக அரசு அவ்வழித்தடத்தை அறிவிக்கை செய்தது. வழக்கு 2011இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் முடிந்து, 2020 அக்டோபர் 14 அன்று உச்சநீதிமன்றத்தில் உறுதியாயிற்று. பத்தாண்டு வழக்கு! கட்டடம் எழுமுன் காப்பதற்கு ஒரு தீர்மானம் போதும். எழுந்தபின் மீட்பதற்கு உச்சநீதிமன்றம் வரை போகவேண்டும் என்பதே அதில் நாம் கற்கும் பாடம்.

எங்கள் துறையின் தவறையும் மறைப்பதற்கில்லை. கோயம்புத்தூர்–பாலக்காடு பாதையில் 2021 நவம்பரில் நவக்கரைக்கு அருகே மூன்று யானைகள் வண்டியில் அடிபட்டு மாண்டன. அதன்பின் அப்பகுதியில் யானைகள் கடக்கக் கீழ்ப்பாலங்கள் கட்டப்பட்டன. 2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை மதுக்கரையில் கோபுரங்கள் எழுப்பிக் கேமராக்கள் பொருத்தியது. யானை பாதையை நெருங்கினால் இயந்திரமே கண்டறிந்து எச்சரிக்கை அனுப்புகிறது. ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். மனம் வைத்தால் இரும்பும் இரக்கம் கற்றுக்கொள்ளும்.

கடல்கடந்த அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2021இல் வனவிலங்கு வழித்தடச் சட்டம் ஒன்றை இயற்றியது. அங்கே பூமா இனம் ஒன்று மிக அருகிவிட்டது. அது நடமாடும் நிலத்தில் ஒரு பகுதி மாட்டுப்பண்ணைக்காரர்களுடையது. அவர்களை அரசு வெளியேற்றவில்லை. நிலம் உழவனுடையதாகவே இருக்கும், மாடு மேயலாம். ஆனால் மனைகளாகப் பிரித்துக் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் அரசு விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறது. தகப்பனுக்குப்பின் மகனும் அவ்வுடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டவன். இதைப் படித்தபோது, இப்படியொரு ஏற்பாடு காமசமுத்திரத்துப் பெரியவருக்குக் கிடைத்தால் அவர் யானையை வைவாரா என்று எண்ணிப் பார்த்தேன். ஆண்டுதோறும் ஒரு தொகையும், பயிர் அழிந்தால் தாமதமின்றி ஈட்டுத்தொகையும் கைக்கு வருமாயின், பரண் மீது படுப்பவர் யானைக்குக் காவலராகவே ஆகிவிடுவார்.

இனி நம் ஊரின் நிலையைக் காண்போம். சுரங்கம் மூடியபின் தங்கவயலின் பல்லாயிரம் ஏக்கர் வெற்று நிலமாகக் கிடக்கிறது. சயனைட் மலைகளுக்கு அப்பாலுள்ள புல்வெளிகளில் வெளிமான்கள் மேய்வதை மாலை நேரத்தில் நம்மில் பலர் கண்டிருப்போம். புல்வாய் என்று பழந்தமிழர் அழைத்த மான் இதுவே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு முதல் அட்டவணையில் இடம் கொடுத்திருக்கிறது. இம்மானுக்கு அடர்காடு ஆகாது. திறந்த புல்வெளியே வேண்டும். எந்த நிலத்தைத் தரிசு என்று ஏட்டில் எழுதுகிறோமோ அந்நிலமே அதற்கு வீடு. தொழிற்சாலை வேண்டாம் என்று கூற எனக்கு வாய் எழாது. நாள்தோறும் விடியுமுன் எழுந்து பெங்களூருக்குப் பிழைக்க ஓடும் நம் பிள்ளைகளுக்குப் பயணச்சீட்டு கொடுப்பவன் நான். அவர்கள் முகம் எனக்குத் தெரியும். ஆயினும் தொழிற்சாலைக்கு இடம் குறிப்பவர்கள், மான் ஒரு புல்வெளியிலிருந்து இன்னொரு புல்வெளிக்குப் போக ஒரு நீண்ட துண்டை வெறுமையாக விடலாகாதா?

புதிய பாதைகளும் வருகின்றன. பெங்களூர்–சென்னை விரைவுச்சாலை பங்காரப்பேட்டைப் பக்கமாகச் சென்று, வெங்கடகிரிக்கோட்டை, பலமனேர் வழியே யானை நாட்டை ஊடறுத்துப் போகிறது. மாரிகுப்பத்தையும் குப்பத்தையும் இணைக்கும் சுமார் 24 கிலோமீட்டர் இருப்புப்பாதை எல்லைக் குன்றுகளினூடே அமைகிறது. அப்பாதை முடிந்தால் நம் உறவினர் வீடுகளுக்குப் போவது எளிதாகும். அந்நாளை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். ஓடைப்பாலம் கட்டும்போதே கண்ணறையைச் சற்று உயர்த்தி அகலமாக்கினால் ஓடையும் போகும், யானையும் போகும். கட்டி முடித்தபின் செய்தால் செலவு பன்மடங்கு. அதற்குள் சில உயிர்களும் போயிருக்கும்.

அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று கூறலாகாது. 2025 மே மாதம் கர்நாடகம் நான்கு கும்கி யானைகளை ஆந்திரத்திற்கு வழங்கியது. பெங்களூர் விதான சௌதாவில் ஒப்படைக்கப்பட்ட அவை பலமனேர் அருகே முசலிமடுகு முகாமுக்குச் சென்றன. வயலுக்குள் வரும் காட்டு யானையைத் திருப்பிவிடக் கும்கி உதவும். ஆனால் திருப்பிவிடும் யானை போய்ச்சேர ஒரு வழி வேண்டுமே!

அவ்வழி பெரும்பாலும் புறம்போக்கில்தான் இருக்கிறது. கன்னட நாட்டில் கோமாளம் என வழங்கும் மேய்ச்சல் நிலமும், ஏரியும், ஏரியை ஏரியோடு இணைக்கும் கால்வாயும் ஊருக்குப் பொது. இத்தகைய பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊருக்கே திருப்ப வேண்டுமென்று 2011 சனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கோமாளத்தைக் காத்தால் ஆடு மேய்ப்பவனுக்கும் ஆதாயம். கால்வாயைக் காத்தால் ஏரி நிறையும். இரவில் யானையும் வயலை விட்டு அவ்வழியே போகும். பெரியவர் ஒரு நாள் எனக்கு அத்தடத்தைக் காட்டினார். குன்றடியிலிருந்து கோமாளம், கோமாளத்திலிருந்து கால்வாய், கால்வாயோரம் எங்கள் நிலத்தின் கீழ்க்கரை, அப்பால் ஏரி. “முன்பெல்லாம் இக்கரையோடு போய்விடும், வயலில் இறங்காது. மேற்கே தோட்டவீடு கட்டி மதில் எழுப்பியபின்தான் இப்படி ஆயிற்று” என்றார்.

கடந்த தை மாதத்தில் ஒரு தரகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். விரைவுச்சாலை வந்தபின் நிலத்தின் விலை ஏறிவிட்டது. எங்கள் இரண்டு ஏக்கரோடு சுற்றியுள்ள நிலங்களையும் சேர்த்து மனைகளாகப் பிரித்துச் சுற்றுமதில் கட்டப் போவதாகவும், நாங்கள் கனவிலும் காணாத தொகையைத் தருவதாகவும் கூறினார். என் தம்பி பெங்களூரில் தனியார் வேலையில் இருக்கிறான், வாடகை வீடு, இரண்டு பெண் குழந்தைகள். “அண்ணா, யானைக்காக நாம ஏன் ஏழையா இருக்கணும்?” என்று கேட்டான். அவனுக்கு மறுமொழி கூற என்னிடம் புத்தகப் படிப்பில்லை. பத்தாம் வகுப்பு தேறிய எழுத்தன் நான்.

அன்னையார்தாம் பேசினார். “உங்கப்பாவோட தாத்தா இந்த ஊருக்கு வந்தப்போ பட்டா வாங்கிக்கிட்டா வந்தார்? பஞ்சம் துரத்துச்சு, வந்தார். வழியில எவனும் மதில் கட்டல. கட்டியிருந்தா நாம ஏது?”

தம்பி நெடுநேரம் ஒன்றும் கூறவில்லை. பிறகு நாங்கள் மூவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். ஐந்தாண்டுகளுக்கு நிலத்தை விற்பதில்லை. என் சேமிப்பிலிருந்து தம்பிக்கு ஒரு தொகை கடனாகக் கொடுப்பது. திருப்பிக் கேட்பதில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்த நிபந்தனை. கால்வாயோரக் கீழ்க்கரையில் பத்தடி அகலத்திற்குப் பயிரிடாமல் விடுவது. அதையடுத்த வரிசைகளில் யானை விரும்பாத மிளகாய் நடுவது. வாரத்தில் பெரியவருக்கு நேரும் குறைவை நாங்களே ஏற்பது. பெரியவர் இதைக் கேட்டுச் சிரித்தார். “பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னார். ஆனால் கிராம பஞ்சாயத்துக்கு நான் எழுதிய விண்ணப்பத்தில், கோமாளத்தையும் கால்வாயையும் எவருக்கும் ஒதுக்கலாகாது என்று கேட்ட விண்ணப்பத்தில், முதல் கைநாட்டு அவருடையதே.

இதனால் எல்லாம் நேராகிவிட்டது என்று கூறேன். எங்களுக்கு மேற்கே உள்ள நிலம் விற்றுப்போயிற்று. அங்கே வெள்ளைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். பஞ்சாயத்திலிருந்து இன்னும் மறுமொழி வரவில்லை. ஐந்தாண்டு கழித்துத் தம்பியின் பெண்கள் வளர்ந்துவிடுவார்கள். அப்போது அவன் மீண்டும் கேட்பான். கேட்கவும் அவனுக்கு உரிமையுண்டு. அதற்குள் அரசோ அறக்கட்டளையோ உழவனுக்கு நியாயமான விலை சொல்லி வழியைக் காக்க முன்வர வேண்டும். நம் சங்கத்தாரில் அப்பக்கத்தில் நிலமுள்ள குடும்பங்கள் பல என்று அறிவேன். மதில் எழுப்புமுன், ஏரிக்கும் குன்றுக்கும் நடுவே நம் நிலம் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை நடந்து பார்க்குமாறு அவர்களை வேண்டிக்கொள்கிறேன். கோமாளத்தைக் காக்கும் விண்ணப்பத்தில் கையெழுத்திட நிலம் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சென்ற மாதம் காமசமுத்திரத்திலிருந்து திரும்பும்போது இரவாகிவிட்டது. நடைமேடையில் நானும் அன்னையாரும் வண்டிக்காகக் காத்திருந்தோம். குன்றுப் பக்கம் பட்டாசு ஓசை கேட்டது. யாரோ பரணிலிருந்து யானையை விரட்டுகிறார்கள். அன்னையார் அத்திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்க்கரையில் நடப்பட்ட மிளகாய் வேர்பிடித்துவிட்டதா என்று கேட்டார். பிடித்துவிட்டது என்றேன்.